நோ டியூஸ் படிவத்தில் இல்லாத ஒரு வரி



போன மாதம் என் முழங்கால் வலியைப் பற்றி எழுதியதற்கு நீங்கள் அனுப்பிய வைத்தியங்களை எல்லாம் செய்து பார்க்க எனக்கு இன்னும் நாலு முழங்கால் வேண்டும். நலமாக இருக்கிறேன். இன்று எழுத வந்தது வேறு விஷயம். கொஞ்சம் நீளமாகப் போகும். நடுவில் ஒரு வகுத்தல் கணக்கும் வரும். பழக்கதோஷம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2019-ல் பத்தாவது முடித்த செட் எனக்கு ரொம்பச் செல்லம். நான் கடைசியாகப் பாடம் எடுத்த பிள்ளைகள். அதில் ஒருத்தி இன்ஜினியரிங் முடித்துவிட்டு வேலை கிடைத்த சந்தோஷத்தைச் சொல்ல போன் செய்தாள். பேச்சு வாக்கில், "காலேஜ்ல குடுத்த மெயில் ஐடியை இந்த மாசக் கடைசியில மூடுறாங்களாம் டீச்சர்" என்றாள். அதில் என்னம்மா வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். "என்ன பெருசா, புராஜெக்ட், போட்டோ, நாலு வருஷக் குப்பை. போனாப் போகுது, அதான் ஜிமெயில் இருக்கே" என்று சிரித்தாள். போனை வைத்த பிறகும் எனக்கு மனசு ஆறவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டில் நடந்ததை இதுவரை வெளியில் சொன்னதில்லை. அண்ணன் மகளிடம் கேட்டேன், "எழுதுங்க அத்தை" என்று சொல்லிவிட்டாள்.

அவளை உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். அரையாண்டு லீவு முன்னாலேயே விட்டுவிட்டால் என்னோடு பள்ளிக்கு வந்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து உங்கள் நோட்டில் படம் வரைந்துகொண்டிருப்பாள். 2016-ல் மொழியியல் படிக்க அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போனாள். அடுத்த வருஷம் மே மாதம் ஊருக்கு வந்தபோது, "அப்பாயி பேசுறதை ரெக்கார்ட் பண்ணணும்" என்றாள். எங்கள் அம்மாவுக்குப் பிறந்த ஊர் தலைஞாயிறு பக்கம். இன்று அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கே தெரியாத சொற்கள் அவர் வாயில் சாதாரணமாக வரும். நெல் ரகங்களின் பெயர்கள், வரப்பில் முளைக்கும் கீரைகளின் பெயர்கள், மாமியாரைத் திட்டாமல் திட்டுவதற்கென்றே இருந்த சொலவடைகள். இதையெல்லாம் யாராவது படிப்புக்காகக் கேட்பார்கள் என்று நாங்கள் யாரும் நினைத்ததே இல்லை.

மூன்று மத்தியானம் பதிவு நடந்தது. ஃபேன் சத்தம் விழும் என்பதால் மே மாத வெயிலில் ஃபேனை நிறுத்திவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நான் அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தேன். மொத்தம் 11 பதிவுகள், ஆறு மணி நேரத்துக்கு மேல். எந்த மருமகள் எந்தக் கல்யாணத்தில் என்ன சொன்னாள் என்பது உட்பட எல்லாம் அதில் இருந்தது. (சம்பந்தப்பட்டவர்கள் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். இனி பயமில்லை.)

பதிவு செய்ததை எல்லாம் அன்றன்றைக்கே பல்கலைக்கழகம் கொடுத்த கணக்கில் ஏற்றிவிட்டாள். போனில் இடமில்லாததால் ஏற்றியதும் போனில் இருந்ததை அழித்துவிட்டாள். "அங்க அளவே கிடையாது அத்தை, எவ்வளவு வேணாலும் போடலாம்" என்றாள். 2018-ல் படிப்பு முடிந்தபோது, இந்த முகவரி வாழ்நாள் முழுக்க உங்களுடையது என்று சொல்லித்தான் அனுப்பினார்களாம். பிறகு புனேயில் வேலை, புது போன், புது மெயில். பழைய கணக்கைத் திறக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

அம்மா 2021 ஜனவரியில் போய்விட்டார். கொரோனா காலம். வரவேண்டியவர்களில் பாதிப் பேர் வர முடியவில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

2023-ல் இரண்டாம் வருஷத் திதிக்குத்தான் எல்லோரும் கூடினோம். சாப்பாடு முடிந்து பாயில் சாய்ந்திருந்தபோது அண்ணன் மகளைக் கூப்பிட்டு, "அந்தப் புயல் கதையைப் போடும்மா, அம்மா குரலைக் கேட்டு எவ்வளவு நாளாச்சு" என்றான். அவளும் லேப்டாப்பை எடுத்து வந்து உட்கார்ந்தாள். பாஸ்வேர்டு போட்டாள். திரும்பவும் போட்டாள். அப்படி ஒரு கணக்கே இல்லை என்று வந்தது. நாங்கள் சுற்றி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் முகத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

அன்று ராத்திரியே எழுதிக் கேட்டாள். இரண்டு நாளில் மரியாதையான பதில் வந்தது. பழைய மாணவர்களின் கணக்குகளை 2022 இலையுதிர் காலத்தில் நீக்கிவிட்டோம், அதற்கு முன் மூன்று முறை அறிவிப்பு அனுப்பினோம், நீக்கிய 20 நாளுக்குள் கேட்டிருந்தால் மீட்டிருக்கலாம், வருந்துகிறோம். மூன்று அறிவிப்பும் எந்த முகவரிக்குப் போயின தெரியுமா? மூடப்போகிற அந்த முகவரிக்கே. பூட்டிய வீட்டுக்குள் நோட்டீஸை ஒட்டிவிட்டு, ஒட்டியாயிற்று என்று கோப்பில் எழுதிக்கொண்ட மாதிரி.

கோபம் ஆறியதும், ஏன் இப்படிச் செய்தார்கள் என்று தெரிந்துகொள்ள நினைத்தேன். சித்தப்பா பேரன் ஒருவன் கோயம்புத்தூர் பக்கம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் கணக்குகளை எல்லாம் பார்த்துக்கொள்கிறான். அவனைப் பிடித்து உட்காரவைத்துக் கேட்டேன். அவன் சொன்னதையும், நானே தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

ஒரு காலத்தில் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் மெயிலைத் தன் சொந்தக் கம்ப்யூட்டரில், தன் ஆட்களை வைத்துத்தான் நடத்தியது. 2006-ல் கூகுள், மெயிலை நாங்களே இலவசமாக நடத்தித் தருகிறோம் என்று கல்லூரிகளிடம் வந்தது. அமெரிக்காவில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் ஆரம்பத்திலேயே சேர்ந்த பெரிய பல்கலைக்கழகங்களில் ஒன்று. மைக்ரோசாஃப்ட்டும் அதேபோலக் கொடுத்தது. 2014-ல் கூகுள், கல்விக் கணக்குகளுக்குச் சேமிப்பிடத்தில் அளவே இல்லை என்று அறிவித்தது. செலவு இல்லை, அளவும் இல்லை என்றால் படித்து முடித்தவர்கள் கணக்கை மூட என்ன அவசியம்? வாழ்நாள் முழுக்க வைத்துக்கொள் என்று சொல்வது சுலபமாக இருந்தது. கொடுத்தவர்களும் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் அள்ளிக் கொடுத்தது அடுத்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீர்.

2021 பிப்ரவரியில் கூகுள் அந்த ஏற்பாட்டை மாற்றுவதாக அறிவித்தது. இனி ஒரு நிறுவனத்துக்கு மொத்தமாக 100 டெராபைட், அதற்குமேல் வேண்டுமானால் காசு. பழைய நிறுவனங்களுக்கு 2022 ஜூலை முதல் இது நடைமுறைக்கு வந்தது. பிற்பாடு மைக்ரோசாஃப்ட்டும் இதே 100 டெராபைட் கணக்குக்கு வந்து சேர்ந்தது.

இப்போது கரும்பலகைக்கு வாருங்கள். 100 டெராபைட் என்பது சுமாராக ஒரு லட்சம் ஜி.பி. 20,000 பேர் படிக்கும் பல்கலைக்கழகம் என்றால் ஆளுக்கு 5 ஜி.பி. பரவாயில்லை. இதோடு படித்து முடித்துப் போன ஒரு லட்சம் பேரையும் சேருங்கள். ஒரு லட்சத்தை 1,20,000-ஆல் வகுத்தால் ஆளுக்கு 0.83 ஜி.பி. 2004-ல் ஜிமெயில் முதன்முதலாக வந்தபோதே ஒருவருக்கு 1 ஜி.பி. கொடுத்தார்கள். இன்று யார் வேண்டுமானாலும் இலவசமாக வைத்துக்கொள்ளும் கணக்கில் 15 ஜி.பி. இருக்கிறது. ஆக அந்த வருஷங்களில் பல பல்கலைக்கழகங்கள் பழைய மாணவர்களின் கணக்கில் கை வைத்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. இவ்வளவையும் எப்படி வைத்துக்கொள்வது என்ற அவர்கள் கவலை எனக்குப் புரிகிறது.

பேரன் இன்னொரு காரணமும் சொன்னான். "பெரியம்மா, படிச்சு முடிச்சவங்க கணக்குதான் திருடனுக்கு ரொம்பப் பிடிச்ச வீடு. பூட்டு பழசு, உள்ள ஆள் இல்ல, வாசல்ல மட்டும் காலேஜ் போர்டு தொங்குது. உள்ள புகுந்து காலேஜ் பேர்லயே எல்லாருக்கும் மெயில் போடுவான், எல்லாரும் நம்பிருவாங்க." படித்து முடித்துப் பத்து வருஷம் ஆனவர்களும் கல்லூரி முகவரியைக் காட்டி மாணவர் சலுகையில் பொருள் வாங்குகிறார்களாம். அதைச் சொல்லிவிட்டு அசட்டுச் சிரிப்பு சிரித்தான். அவனும் அப்படி ஏதோ வாங்கியிருக்கிறான் என்று தெரிந்துகொண்டேன்.

சரி, இடத்தைக் கொடுக்க முடியாது. முகவரியையுமா கொடுக்க முடியாது? அந்த முகவரிக்கு வரும் கடிதத்தை மாணவரின் சொந்த மெயிலுக்குத் திருப்பி அனுப்பினால் போதுமே. நம் ஊர் தபால்காரர் வீடு மாறிப்போனவர்களின் கடிதத்தில் பழைய முகவரியை அடித்துவிட்டுப் புது முகவரி எழுதி அனுப்புவார் இல்லையா, அது மாதிரிதான். இதற்குப் பெரிய சேமிப்பிடம் எதுவும் வேண்டாம். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யின் பழைய மாணவர் சங்கம் தன் மாணவர்களுக்கு இப்படித் திருப்பி அனுப்பும் முகவரியைப் பல வருஷங்களாகக் கொடுத்துவருகிறது. (குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்தவர்கள் கோபிக்க வேண்டாம், நான் சொல்வது மாசசூசெட்ஸில் இருப்பது.) இப்படித் திரும்பி வரும் கடிதம் சில சமயம் ஸ்பேமில் போய் விழும் என்று பேரன் குறை சொன்னான். விழட்டும், அங்கே போய்த் தேடிக்கொள்ளலாம். வழியிலேயே காணாமல் போனால் எங்கே போய்த் தேடுவது?

முகவரி ஏன் முக்கியம் என்பதை நம் பழைய மாணவன் ஒருவனிடம் தெரிந்துகொண்டேன். பி.எச்டி. முடித்தவன். அவன் கட்டுரை ஒன்று வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்தது. கட்டுரையின் முதல் பக்கத்தில் தொடர்புக்கு என்று கல்லூரி மெயில் முகவரி. அச்சானது அச்சானதுதான், இனி மாற்ற முடியாது. அவன் படிப்பை முடித்த அடுத்த வருஷமே அந்த முகவரியை மூடிவிட்டார்கள். அவனுடைய அளவீடுகளைக் கேட்டு பிரேசிலில் இருந்து ஒருவர் எழுதி எழுதிப் பார்த்து, கடைசியில் லிங்க்ட்இன்னில் தேடிப் பிடித்துக் கேட்டிருக்கிறார். அதற்குள் அவருடைய வேலை முடிந்துவிட்டது. இவனுக்கு ஒரு நல்ல தொடர்பு போயிற்று. நல்ல பையன், இதைச் சொல்லும்போதும் சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

இப்போது நம் பள்ளி விஷயத்துக்கு வருகிறேன்.

தலைமையாசிரியை அறைக்குப் பக்கத்தில் இருந்த பீரோ ஞாபகம் இருக்கிறதா? கதவைத் திறந்தால் சத்தம் போடுமே, அதுதான். அதில் சேர்க்கைப் பதிவேடுகள் இருக்கும். நான் பொறுப்பில் இருந்த வருஷம் அறுபது வயது தாண்டிய ஒருவர் வந்தார். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். ஏதோ ஒரு விண்ணப்பத்துக்குப் பிறந்த தேதி அத்தாட்சி கேட்கிறார்களாம், கையில் எந்தக் காகிதமும் இல்லை. எந்த வருஷம் சேர்ந்தார் என்பதும் அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. "கீழத்தெரு தீப்பிடிச்சதுக்கு அடுத்த வருஷம்" என்றார். நம் எழுத்தர் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு மூன்று பதிவேட்டைப் புரட்டினார். ஓரமெல்லாம் கரையான் தின்றிருந்தது. ஆனால் வரி இருந்தது. பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, அப்பாவின் கைநாட்டு. அந்த மனிதர் பிறந்த தேதியை விட்டுவிட்டு அந்தக் கைநாட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். விரலால் தொடலாமா என்று கேட்டார்.

மழை பெய்தால் மூன்று வகுப்புக்கு ஒழுகுகிற பள்ளி நம் பள்ளி. சாக்பீஸுக்குக் கணக்குப் பார்த்த பள்ளி. அந்தப் பதிவேட்டை யாரும் தூக்கிப் போடவில்லை. எங்களுக்குப் பெரிய மனசு என்பதால் இல்லை. அது நிரந்தரப் பதிவேடு, அழிக்கக்கூடாது என்பது விதி. மற்ற பல கோப்புகளுக்குக் காலக்கெடு உண்டு, முடிந்தால் கிழித்துவிடலாம். எதை வைத்துக்கொள்ள வேண்டும், எதை எப்போது கழிக்கலாம் என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்து எழுதிவைத்திருக்கிறார். பல்கலைக்கழகங்களும் மதிப்பெண் பட்டியலை இப்படித்தான் பத்திரமாக வைத்திருக்கின்றன. மெயிலுக்கு மட்டும் அந்த யோசனை ஏன் வரவில்லை என்று எனக்கு விளங்கவில்லை.

எல்லாவற்றையும் காலத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் கேட்கவில்லை. நான் கேட்பது நோ டியூஸ் படிவத்தில் ஒரு வரி. கல்லூரியை விட்டுக் கிளம்பும்போது அந்தப் படிவத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்திருப்பீர்கள். நூலகத்தில் ஒரு கையெழுத்து, விடுதியில் ஒன்று, லேபில் ஒன்று, மெஸ்ஸில் ஒன்று. ஒரு பீக்கர் உடைத்திருந்தாலும் காசு கட்டாமல் டி.சி. வராது. அவர்களுடைய பொருள் எதுவும் உங்களிடம் இல்லையே என்று அத்தனை பேர் பார்க்கிறார்கள். உங்களுடைய பொருள் எதுவும் அவர்களிடம் தங்கிவிடவில்லையே என்று கேட்க ஒருவரும் இல்லை. அந்தப் படிவத்தில், 'கணக்கில் இருந்ததை எடுத்துக்கொண்டேன், என் சொந்த மெயிலும் போன் நம்பரும் இவை' என்று ஒரு வரி சேர்த்து, பிள்ளையிடம் ஒரு கையெழுத்து வாங்க எவ்வளவு நேரம் ஆகும்? பிறகு கணக்கை மூடுகிற நாள் வந்தால் அந்த நம்பருக்குச் சொல்லுங்கள். ஒரு வருஷம் தவணை கொடுங்கள்.

உங்களில் இப்போது கல்லூரிகளில் வேலை பார்ப்பவர்கள் குறைந்தது ஒன்பது பேர் எனக்குத் தெரியும். இரண்டு பேர் துறைத்தலைவர்கள். அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுங்கள். டீச்சர் சொன்னார் என்று சொல்ல வேண்டாம், உங்கள் யோசனையாகவே சொல்லுங்கள்.

மற்றவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமையே உட்காருங்கள். கல்லூரிக் கணக்கு இன்னும் திறக்கிறதா என்று பாருங்கள். அது கூகுள் கணக்காக இருந்தால், மெயிலையும் டிரைவில் இருப்பதையும் உங்கள் சொந்தக் கணக்குக்கு நகலெடுக்க அவர்களே ஒரு வசதி வைத்திருக்கிறார்கள். கல்லூரி அதை அடைத்து வைக்காமல் இருக்க வேண்டும், உங்கள் கணக்கில் இடமும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் டேக்அவுட் என்று ஒன்று இருக்கிறது, அதில் மொத்தமாக இறக்கிக்கொள்ளலாம். வேறு நிறுவனத்தின் கணக்கு என்றால் உங்கள் வீட்டில் விவரம் தெரிந்த பிள்ளையிடம் கேளுங்கள், என்னிடம் கேட்காதீர்கள்.

நீங்கள் உருவாக்கி மற்றவர்களோடு பகிர்ந்த கோப்புகளையும் பாருங்கள். உங்கள் கணக்கோடு அவையும் போய்விட்டால் அவர்களுக்கும் திறக்காது. அதைவிட முக்கியம், பேங்க், பி.எஃப்., வேலை விண்ணப்பம் என்று எங்கெங்கே கல்லூரி முகவரியைக் கொடுத்தீர்களோ அங்கெல்லாம் போய் மாற்றுங்கள். பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று அழுத்தினால் புது இணைப்பு போகும் இடம் அந்த மூடிய பெட்டிதான். முதலில் சொன்னேனே, அந்தப் பெண்ணை நேற்றுத் திரும்பக் கூப்பிட்டு மிரட்டினேன். எடுத்துவிட்டாளாம். நாலு வருஷக் குப்பை 9 ஜி.பி. இருந்ததாம், அதில் போன வருஷம் இறந்துபோன விடுதித் தோழியின் போட்டோக்களும் இருந்தனவாம். மறந்தே போயிருந்தேன் டீச்சர் என்றாள்.

கடைசியாக ஒன்று, இது உறவுகளுக்கு.

11 பதிவுகளில் எங்களுக்கு மிஞ்சியிருப்பது 4 நிமிஷம். 2017-ல் அண்ணன் மகள் சும்மா எனக்கு வாட்ஸப்பில் அனுப்பிய ஒரு துண்டு. 1952 நவம்பர் கடைசியில் நாகப்பட்டினத்துப் பக்கம் அடித்த புயலை அம்மா சொல்கிறார். அப்போது அவருக்கு 12 வயசு. ராத்திரி முழுக்கக் காற்று, கூரை போய்விட்டது, எல்லோரும் நெல் குதிருக்குப் பின்னால் ஒண்டியிருக்கிறார்கள். பிறகு அம்மாவின் குரலிலேயே: "திடீர்னு காத்து நின்னு போச்சு. ஒரு இலை அசையல. ஓஞ்சிருச்சுன்னு எங்கப்பா படலைத் திறந்துகிட்டு வெளியில போனாங்க. அது ஓயல, எதிர்ப்பக்கமாத் திரும்புறதுக்கு நின்னிருக்கு. அப்பதான்..." அந்த இடத்தில் என் குரல் குறுக்கே வருகிறது. "அம்மா, மோர் கொண்டாரவா?" அதோடு துண்டு முடிகிறது.

தாத்தா அந்த இருட்டில் எதைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார் என்பதில் எனக்கும் அண்ணனுக்கும் இரண்டு வருஷமாகச் சண்டை. அவன் கன்றுக்குட்டி என்கிறான். பக்கத்து வீட்டுக் குழந்தை என்றுதான் எனக்கு ஞாபகம். சின்ன வயசில் நூறு தடவையாவது கேட்டிருப்போம். இரண்டு பேருமே கவனித்துக் கேட்கவில்லை என்பது இப்போது தெரிகிறது.

அந்த மே மாதம் அவள் வேறு யாருக்காவது துண்டுகள் அனுப்பியிருக்கலாம். தனக்குச் சரியாக ஞாபகமில்லை என்கிறாள். திருவாரூர் சின்னம்மா வீட்டில் யாருக்கோ அனுப்பினதாக ஒரு சந்தேகம் இருக்கிறதாம். உங்கள் பழைய போன்களைக் கொஞ்சம் எடுத்துச் சார்ஜ் போட்டுப் பாருங்கள். உடைந்த போனாக இருந்தாலும் பரவாயில்லை, கொண்டுவாருங்கள், பேரன் பார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறான். என் நம்பர் பழைய நம்பர்தான்.